இடப்பக்கம் நாற்பத்தொரு முறை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

சௌக்கியமா என்று தொடங்கத்தான் நினைத்தேன், பயம் முந்திக்கொள்கிறது. கல்லூரி கொடுத்த டேப்லெட்டில் எழுதினால் யார் யார் படிப்பார்களோ என்றுதான் இந்தத் தபால்.

வீட்டிலிருந்து எழுதிய கடைசித் தேர்வில் நான் இடப்பக்கம் நாற்பத்தொரு முறை பார்த்தேனாம். கேமரா எண்ணியிருக்கிறது. என் முடிவை நிறுத்திவைத்துவிட்டார்கள். பார்த்தேன்தான். அங்கே தொட்டில் இருந்தது. பிள்ளைக்கு அன்றைக்கு ஜுரம். பிரசவத்துக்காகப் பாதியில் விட்ட முதுகலை இது. ஜூனில் பள்ளி வேலையில் சேர இந்தச் சான்றிதழ் வேண்டும்.

விசாரிப்பது அங்கே விரிவுரையாளராக இருக்கும் நீதான் என்று கேள்விப்பட்டேன். மூன்று வருடம் ஒரே விடுதி அறையில் என் குறட்டையைச் சகித்தவள் நீ. நான் காப்பியடிப்பேனா, சொல்.

உன்,
பூனை

மார்ச் 11

அன்புள்ள பூனைக்கு,

பிள்ளைக்கு இப்போது தேவலையா? உன் கோழிக்கிறுக்கல் மாறவே இல்லை.

பதிவில் உன் முகம் மட்டும்தான் தெரிகிறது, தொட்டில் இல்லை. எட்டு இடத்தில் உதடு அசைகிறது. யாரிடம் பேசினாய்? கேட்காமல் கையெழுத்துப் போட்டால், “உங்க ஃப்ரெண்டுன்னா கண்ணை மூடிக்குவீங்களா மேடம்?” என்பார் துறைத்தலைவர். இதுவரை ஒலியில்லாமல் பார்த்தேன். ஒலியோடு பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

உன்,
வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

‘யாரிடம் பேசினாய்?’ இதை எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? “தூங்குடா செல்லம், அம்மாவுக்கு இன்னும் ரெண்டே கேள்விதான்” என்று பிள்ளையிடம் சொன்னேன். அதையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. விடைகளை அனுப்பிய கையோடு எழுந்துவிட்டேன். கேமராவின் பச்சை விளக்கு சாயங்காலம் வரை எரிந்தது. அணைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பதிவு எப்போது முடிகிறது?

பூனை

மார்ச் 24

அன்புடையீர்,

ஒலியைக் கேட்டேன். நீங்கள் சொன்னது உண்மை. தவறு ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். முடிவு இந்த வாரம் வெளியாகும்.

பதிவு ஆறு மணிக்கு முடிகிறது. கேள்வித்தாள் ஏன் அவ்வளவு கடினம் என்று உங்கள் கணவர் கேட்கிறார். “அவதான் பேப்பர் செட் பண்ணா. கல்யாணமா, குழந்தையா, அந்தக் கல்நெஞ்சுக்காரிக்கு என்ன தெரியும்?” என்கிறீர்கள்.

வேலைக்கு வாழ்த்துகள்.

விரிவுரையாளர்

ஏப்ரல் 2

வாயாடி,

முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன்.

சொன்னது நான்தான். அலுப்பில் வந்தது என்று சமாளிக்கமாட்டேன். உன் சம்பளம், உன் தனி அறை, உன்னை எல்லோரும் மேடம் என்பது, எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை. மன்னித்துவிடு. காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். தேர்வு நாலு மணிக்கு முடிந்தது. அழுதுகொண்டே பிள்ளைக்குப் பால் கொடுத்தது நாலே கால். உன்னைத் திட்டியது ஐந்தரைக்கு, அவர் வேலையிலிருந்து வந்த பிறகு.

அவ்வளவு நேரம் ஏன்டி பார்த்துக்கொண்டிருந்தாய்?

பூனை