சுக்ஸ்பிட்ஸ மலையில் உங்கள் திவசம்

என்ரை இஞ்சாருங்கோ,

புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வராது. உங்கள் ஆண்டுத் திவசத்துக்குக் கோயிலுக்குப் போகவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் சுக்ஸ்பிட்ஸ மலைக்கே போய்விட்டேன். கோபிக்காதேயுங்கோ.

அகதி முகாம் யன்னலால் அந்த மலையைப் பார்த்துப் பார்த்தே டொச் மொழி படித்த மனிசன் நீங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறும்வரை அதன் கதைதான். ஜெர்மனியிலேயே உயர்ந்த மலை, இந்தப் பக்கம் பவேரியா, அந்தப் பக்கம் ஆஸ்திரியா. நிலம் அளக்க வந்த ஒரு படை அதிகாரிதான் முதலில் ஏறியதாக எழுதி வைத்திருக்கிறார்களாம். பிறகு ஒரு கூட்டம் பெரிய இரும்புச் சிலுவையைத் துண்டு துண்டாகச் சுமந்துபோய் உச்சியில் பூட்டியதாம். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஒருமுறை நீங்களும் ரைன்டால் பள்ளத்தாக்கு வழியே நடந்து ஏறினீர்கள். உச்சியில் ஆஸ்திரிய எல்லைக்கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டீர்கள். அப்போது அகதி விசாவோடு மாவட்டத்தையே தாண்ட ஏலாது. "அங்காலை கால் வைச்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்" என்று பயம். பாஸ்போர்ட் கிடைத்த பிறகும் "பிறகு போவம்" என்றே காலம் போய்விட்டது. அந்த ஓரடியை உங்களுக்காக வைக்கத்தான் நான் போனேன்.

என் முழங்காலுக்கு நடை சரிவராது, கேபிள் காரில் ஏறினோம். ஐயோ, அது என்ன மலை! கீழே ஏரி பச்சையாய்ச் சுருங்கிப் போனது, பாறை நேரே முகத்துக்கு வந்தது. "கடவுளே, இதிலையா மனிசர் ஏறினவை" என்று கத்திவிட்டேன். நீங்கள் புளுகுவதாக இத்தனை காலம் நினைத்தேனே! ஆனால் நீங்கள் சொன்ன பனியாறு பாதி உருகிக் கல்லாய்க் கிடக்கிறது. அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது?

உச்சியில் வாழையிலைத் துண்டில் சோறும் வடையும் வைத்தேன். கறுத்தக் குருவிகள் வந்து இறங்கின.

"அம்மா, இது காகமில்லை. சொண்டு மஞ்சளா இருக்கு."

"குளிர் நாட்டுக் காகம் வேறை எப்படியடி இருக்கும்? பேசாமல் நில்லு."

ஒன்று வடையைக் கவ்வியது. தலையைச் சரித்து என்னைப் பார்த்தது. ஒருவரையும் கேட்காமல் எல்லைக்கோட்டைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குப் பறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை அடங்கவேயில்லை. நான் வைக்க வந்த அடிக்கு முதல் நீங்களே போய்விட்டீர்களே! அதற்குப் பிறகுதான் நானும் கால் வைத்தேன்.

அடுத்த திவசத்துக்கு ஆஸ்திரியப் பக்கத்தாலேயே ஏறி வாறன். அங்காலையே நில்லுங்கோ.

வடையோடு வரும்
உங்கடை மனிசி