அன்று தண்டு வந்தது

என் பூச்சிக்கு,

நாளைக்கு ஆடிப்பதினெட்டு. நீ போய் முழுசாக ஒரு வருடம் ஆகிறது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் கூட்டாளி சின்னான் மலையை விட்டுப் போகிறான். அவன் பஸ் ஏறுவதற்குள் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வருடமாக அதை வாயிலேயே வைத்துக்கொண்டு, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருக்கிறேன்.

முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிற எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். படிக்கத்தான் வேண்டும்.

அருவிக்கரைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும், கூட்டம் இல்லை. வெள்ளிமலைப் பக்கம் மேகம் கட்டியிருக்கிறது. ஒரு வரி எழுதுகிறேன், அருவிச் சத்தம் மாறுகிறதா என்று காதைக் கொடுக்கிறேன், அப்புறம் அடுத்த வரி. நீ போனதிலிருந்து எனக்கு இதே வேலைதான்.

நீ ஒட்டின படங்கள் தகரத்தில் அப்படியே இருக்கின்றன. எண்ணெய்ப் புகை பட்டுப் பழுப்பேறிவிட்டது, ஆனால் ஒன்றையும் நான் கிழிக்கவில்லை. காலண்டரிலும் வாரப் பத்திரிகையிலும் எங்கே அருவியைப் பார்த்தாலும் கத்தரித்து எடுத்து வருவாயே. அடியில் இங்கிலீஷில் எழுதியிருப்பதைக் குளிக்க வரும் காலேஜ் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த நாளே பிறந்ததிலிருந்து தெரிந்தவன் மாதிரி எல்லோருக்கும் சொல்லுவாய். ஆப்பிரிக்காவில் ஒன்று, புகையாய்க் கிளம்பி இடியாய் இடிக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பேர் வைத்திருக்கிறார்களாம். வெனிசுலாவில் ஒன்று, உலகத்திலேயே உயரம், விழுகிற தண்ணீர் பாதியிலேயே காற்றில் சிதறிப் பனியாய்ப் போகுமாம். இன்னொன்று நூற்றுக்கணக்கான அருவிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுவது, அதன் நடுப்பள்ளத்துக்குப் பிசாசின் தொண்டை என்று பேர். நயாகரா மேல் உனக்கு ஆசை அதிகம். கடைப் பலகையில் 'நயாகரா பஜ்ஜிக் கடை' என்று நீயே எழுதிவைத்தாய். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

சின்னான் உன்னை விடுவானா. ஒரு நாள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தான்.

"இன்னா பூச்சி, இம்மாம் பெரிய அருவிய வச்சிக்கினு, அந்த ஊர்ல யாரு தண்டு வுடறது?"

"அங்கல்லாம் மிசினு இருக்குது சின்னா. கரண்டு எடுக்கறதுக்குத் தண்ணியவே கம்மி பண்ணுவாங்களாம், ஜாஸ்தி பண்ணுவாங்களாம்."

"அப்ப அது அருவி இல்ல. கொழா."

நீ அவன் முதுகில் ஒன்று வைத்தாய். நான் சிரித்த சிரிப்பில் பஜ்ஜி கருகிப்போனது.

தண்டு என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் அருவிக்குத் தண்ணீர் வருகிற ஓடை, மேலே சின்னானின் கொல்லையை ஒட்டித்தான் வருகிறது. மேலே மழை கொட்டும், கீழே வெயில் காயும். குளிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. போன் பண்ணலாம் என்றால் அருவிப் பக்கம் டவர் எடுக்காது. அதனால் நீங்கள் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்தீர்கள். மேலே மழை இறங்கியதும் சின்னான் ஒரு வாழைத்தண்டை வெட்டி, சிவப்புத் துணி கட்டி ஓடையில் விடுவான். தண்டு வந்து அருவியில் விழுந்தால் நீ விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றுவாய். தண்டு வந்து ஒரு ஈடு பஜ்ஜி வேகும் நேரத்துக்குள் வெள்ளம் வந்துவிடும். நாலு வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரு உயிர் போகவில்லை.

போன ஆடிப்பதினெட்டு அன்று கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். நீ குளிக்கிறவர்களுக்குக் காவலாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாய். எனக்குத் தலை தூக்க நேரமில்லை. மேலே மலையூர்ப் பெண்கள் கன்னிமாருக்குப் பூசை போட்டு ஓடையில் விட்டதெல்லாம் காலையிலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. பூமாலை, காதோலை கருகமணி, சூடம் ஏற்றின வாழைத்தண்டு. மஞ்சள் கயிறு சுற்றின தண்டு மட்டும் மூன்றோ நாலோ பார்த்தேன்.

அப்புறம் ஒன்று வந்தது. சிவப்புத் துணி கட்டியிருந்தது.

பூச்சி, நான் அதைப் பார்த்தேன். அருவியில் விழுந்து முங்கி, கடைக்கு நேராக மேலே வந்தது. கன்னிமாருக்கு யாரோ ரவிக்கைத் துணி சாத்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். தாயே, என் தம்பி வீட்டில் ஒரு புள்ளை தவழணும் என்று வேண்டிக்கொண்டேன். நீ அப்போது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் கும்பிட்டு முடித்துக் கரண்டியை எடுத்தேன்.

அந்த ஈட்டை எண்ணெயிலிருந்து எடுக்கக்கூட இல்லை, அதற்குள் அருவிச் சத்தம் மாறிவிட்டது.

நீ ஊதின விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லோரையும் ஏற்றிவிட்டாய். ஒரு பெண் மட்டும் பயத்தில் பாறை இடுக்கில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போய் அவள் கையில் கயிற்றைக் கொடுத்தாய். உன் கையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் அணைக்கட்டுப் பக்கம் உன்னை எடுத்தார்கள்.

உன்னைத் தேடிக்கொண்டிருந்தபோதே ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வந்தார்கள். தங்கம் என் மடியில் கிடந்தாள், உன் பெண்டாட்டி, கல்யாணமாகி மூன்று வருடம் ஆகாத பெண்.

"ஏம்மா பச்சையம்மா, நீ கடையிலதான இருந்த? தண்டு வந்துச்சா?"

தங்கம் தலையைத் தூக்கி என் முகத்தையே பார்த்தாள்.

"வர்ல" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் பூச்சி. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை ஊரே சொல்லிக்கொண்டது. சின்னான் குடித்துவிட்டுக் கிடந்தான், பண்டிகை நாளில் தூங்கிவிட்டான், தண்டு விடவே இல்லை. அவன் கொண்டுவரும் தேனையும் புளியையும் யாரும் தொடுவதில்லை. கச்சிராயபாளையம் சந்தையில் தங்கம் அவன் மேல் மண்ணை வாரித் தூற்றினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் தலையில் விழுந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. "வுட்டம்மா. நான் வுட்டன்" என்று மட்டும் சொன்னான். என்னைப் பார்த்தான். நான் பையில் தக்காளியை எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

இப்போது அருவிக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். சைரன் வைத்திருக்கிறார்கள். மேலே மழை பெய்தால் முதலில் கரண்டு போகிறது, அப்புறம் சைரன் எங்கே கத்தும். மழை மேகம் பார்த்தால் நானே விசிலை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். "பஜ்ஜிக்காரம்மா ஊதுது, பஜ்ஜி வெந்துடுச்சு போல" என்று பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். ஏறினால் போதும்.

உன் படங்களில் ஒன்றைத்தான் என்னால் பார்க்க முடிவதில்லை. பனி தேசத்து அருவி, வெள்ளைப் பனியில் ரத்தமாய் ஒழுகுமே, அது. இரும்புத் துருதான்க்கா, பயப்படாத என்று சொல்லியிருக்கிறாய். அதன் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்று காலை சின்னான் கடைக்கு வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். கேரளாவில் மிளகு எஸ்டேட்டுக்குப் போகிறானாம், பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. இனி வரமாட்டானாம்.

"சொல்லிட்டுப் போலாம்னு வந்தன்க்கா."

டீ போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டான், குடிக்கவில்லை. பழைய வழக்கத்தில் நயாகரா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"யக்கா, ஊர் இன்னா வேணா சொல்லட்டும். நான் தண்டு வுட்டன். என் பொண்ணு பாவாடைய கிழிச்சித்தான் கட்டினன். நீ ஒருத்தி நம்பறியா?"

நான் அடுப்பைக் குனிந்து ஊதினேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அவன் கிளாஸை வைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டான். டீ அப்படியே ஆடை படிந்து கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இந்தத் தாளை எடுத்தேன்.

தங்கம் நைனார்பாளையத்தில் அவள் அம்மா வீட்டிலிருந்து இன்று சாயங்காலம் வருகிறாள், உன் வருசப் படையலுக்கு. நேற்று நான் வீட்டில் இருந்தபோது போனில் சொன்னாள், "அண்ணி, எனக்கு உங்கள வுட்டா யாரு இருக்காங்க" என்று. பூச்சி, அவளுக்கு இது தெரிந்த பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு வருடமாக இந்தப் பயம்தான் என் வாயைக் கட்டிவைத்திருந்தது. ஊர் என்னைக் கல்லால் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையை எப்படி வாங்குவேன்?

ஆனால் சின்னானின் பெண்ணும் இருக்கிறாள். குடிகாரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் அவளைச் சொல்கிறார்களாம். அவள் பாவாடையைத்தான் நான் கும்பிட்டேன்.

நான் முடிவு பண்ணிவிட்டேன். தங்கம் வந்ததும் அவளிடம் சொல்வேன், படையலுக்கு முன்னாடியே, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னாடியே. அவள் என்னை அடித்தாலும் சரி, அந்தப் படியிலேயே இறங்கிப் போனாலும் சரி. விடிந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய், ஏறப்போகிற அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்: தண்டு வந்தது, நான் பார்த்தேன், சின்னான் விட்டான், நான்தான் வரவில்லை என்று சொன்னேன். டிரைவர் ஹாரன் அடித்தாலும் முழுசாகச் சொல்லி முடிக்காமல் வழி விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம். அதற்கப்புறம் அவன் இருப்பதும் போவதும் அவன் இஷ்டம்.

சத்தம் கொஞ்சம் கனத்தாற்போல் இருக்கிறது. நான் விசிலை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். உன்னிடம் ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன், இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அன்று சிவப்புத் துணி மிதந்து வந்தபோது நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாயே பூச்சி, இது பூசைத் தண்டா சின்னான் தண்டா என்று என்னைக் கேட்கத்தான் பார்த்தாயா? நான் கும்பிட்டதைப் பார்த்துத்தான் தண்ணீரிலேயே நின்றுவிட்டாயா?

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா,
பச்சையம்மா