அண்ணனுக்குக் கோட்டு வேண்டாம்

என் அருமை அழுக்கு அண்ணா,

கோபமாகத்தான் எழுதுகிறேன். செத்துப்போனவர்களிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். அந்தச் சலுகையை உனக்குத் தருவதாக இல்லை. இந்த மலையாளக்கரை மட்டாஞ்சேரியில் தமிழில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்க உன்னை விட்டால் ஆளில்லை என்று பீற்றிக்கொள்வாயே, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள்.

நம் தெருமுனை நீ விட்டுப்போனபடியேதான் கிடக்கிறது. ஓடை மூடி உடைந்தது உடைந்தபடி. மழை பெய்தால் அந்தக் கறுப்புத் தண்ணீர் முழங்கால் வரை ஏறுகிறது. அப்பா காலமெல்லாம் கார்ப்பரேஷன் ஆளாக இறங்கி அள்ளிய அதே ஓடை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அதில் நடந்து கடைக்குப் போய்த்தானே எலிக்காய்ச்சலை வாங்கி வந்தாய்? இப்போதும் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்குக் குமட்டுகிறது. நாற்றத்தாலா, உன் நினைப்பாலா என்று தெரியவில்லை.

அதைவிடக் குமட்டியது அங்கே விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த உன் அஞ்சலி ஃபிளெக்ஸ்.

அதை அடித்ததும் நீயும் ஷாஜியும் சேர்ந்து நடத்திய கடைதானே. ஊரில் யார் செத்தாலும், உடலை எடுப்பதற்குள் ஃபிளெக்ஸ் கம்பத்தில் ஏறியாக வேண்டும். உங்களிடம் ஒரு நீலக் கோட்டும் சிவப்பு டையும் இருந்தன, எவனோ ஒரு வெள்ளைக்காரன் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. வலைக்காரர், மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர், சாயாக்கடைக்காரர், யார் தலை வந்தாலும் அந்தக் கழுத்தில் ஒட்டினீர்கள். இவர் ஆயுசில் சட்டையே போட்டதில்லையே என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டுக்காரங்களுக்குக் கோட்டு வேணுமாம் ராஜி. அழறவங்ககிட்ட நின்னு தர்க்கம் பண்ண முடியுமா?" என்றாய். பிறகு ஷாஜி காதில் விழாமல், "எனக்கு மட்டும் போட்டுடாதீங்க. கழுத்து அரிக்கும்" என்றாய். சிரித்துக்கொண்டு சொன்னாலும் நான் அதை மறக்கவில்லை.

ஆனால் நீ போன அன்று என்ன நடந்தது தெரியுமா? நம் வீட்டு ஆல்பங்களை ஸ்கேன் செய்ய நீ கடைக்குக் கொண்டுபோயிருந்தாய். ஸ்கேன் செய்வதற்கு முன்பே அவையெல்லாம் அதே வெள்ளத்தில் ஊறிக் கூழாகிவிட்டன. உன் படம் ஏதாவது மிச்சமிருந்தால் அது உன் லேப்டாப்பில் மட்டும். அதைத் திறந்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ஹார்ட் டிஸ்க் இல்லையாம். ஷாஜி அழுதுகொண்டே உன் ஓட்டு அட்டையிலிருந்து தலையை வெட்டினான். நீலக் கோட்டில் ஒட்டினான். அன்பு மிகுதியில் முகத்துக்கு வெள்ளையும் அடித்துவிட்டான்.

மறுநாள் அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். கம்பத்தருகே நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். "யாரு வீட்டுப் பிள்ளைடி இது, பாவம்? சின்ன வயசாட்டம் இருக்கே" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். உன் பிள்ளைதான் என்று சொல்லியிருக்க வேண்டுமா? பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத முகத்தோடு நீ நடுத்தெருவில் தொங்கினாய்.

முதலாண்டு நினைவு நாள் நெருங்கியதும் ஷாஜி வந்தான். "அதே டிசைன் மதி ராஜி, கொறச்சு வலுதாக்கி அடிக்கலாம். கோட்டு உள்ளதுகொண்டு ஒரு கௌரவம் உண்டு." அதே கோட்டு, இன்னும் பெரிதாக! அவன் போனதும், உன் நிஜப் படம் ஒன்றாவது கிடைக்காதா என்று லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படகேறினேன்.

அக்கரையில், பிராட்வேயில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு கடை. குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, கழுத்தில் அடையாள அட்டைப் பட்டையோடு ஒருவன். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், "டிஸ்க் போயி சேச்சி. புதியது இடாம். பழையது இவிடே வெச்சேக்கு" என்றான். செத்த டிஸ்க்கை உன்னிடம் ஏன் விட்டுப்போக வேண்டும் என்று கேட்டேன். ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் பக்கத்து லேப்டாப் கடைக்காரன், கோளாறு கேபிளில்தான் என்றான். டிஸ்க்கையும் போர்டையும் சேர்க்கிற பட்டையான கேபிளாம், உப்புக் காற்றுக்குப் பச்சைக் களிம்பு பிடிக்குமாம். புதிது மாட்டினான். அன்று சாயங்காலம் ஒருமுறை திறந்தது, படங்களைத் தேடுவதற்குள் அணைந்தது. மறுநாள் மறுபடியும் கறுப்புத் திரை. திரும்பப் போனால், "கேபிள் நல்லதாணு. அப்போ டிஸ்க் ஆயிரிக்கும்" என்று தோளைக் குலுக்கினான். டிஸ்க் என்கிறான் ஒருவன், கேபிள் என்கிறான் இன்னொருவன், உள்ளே என்ன என்று பார்க்க எவனுக்கும் வலிக்கிறது. உன் காய்ச்சலுக்கும் இப்படித்தானே செய்தார்கள்? ஒருவர் சாதாரணக் காய்ச்சல் என்றார். ஒருவர் மஞ்சள்காமாலை என்றார். ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியபோது நீ கண் திறக்கவில்லை. அந்தக் கடை வாசலில் நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

கடைசியில் இடக்கொச்சியில் ஜோசி என்பவரைப் பிடித்தேன். வீட்டு முன்னறையிலேயே லேப்டாப் பழுது பார்ப்பவர். என் கண் முன்னாலேயே அடிமூடியைக் கழற்றினார்.

அண்ணா, வெட்கமாக இல்லையா உனக்கு?

நேந்திரங்காய் சிப்ஸ் தூள், பக்கோடாத் தூள், முடி, எல்லாம் தேங்காயெண்ணெயில் குழைந்து அப்பிக்கிடந்தது. நடுவில் கரப்பான் பூச்சிகள் குடும்பம் நடத்தியிருந்தன. முட்டைக் கூடு, உதிர்ந்த கால்கள், மிளகுப் பொடி தூவினது போல எச்சம். செத்த கரப்பானும் காறல் எண்ணெயும் சேர்ந்த வாடை. "சேச்சி, இதினகத்து ஆரா சாயாக்கடை நடத்தியது?" என்றார் ஜோசி. எனக்குச் சாயா கொண்டு வந்த அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, சாயாவோடு அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டுத் தட்டு, துடைத்துவிட்டுத் தட்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?

அவர் டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். மெல்லிய ரீங்காரத்தோடு சுற்றியது. "இதுக்கு ஒரு கேடும் இல்லா" என்றார். பிறகு கேபிள் செருகும் துளையைக் காட்டினார். எண்ணெயில் இறுகிய சிப்ஸ் துணுக்கு ஒன்று, அதோடு ஒட்டிய ஒரு கரப்பான் கால். அதைத் துடைக்காமல் அதன் மேலேயே புதுக் கேபிளைக் குத்தியிருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

படங்கள் வந்தன. மற்றவர்களின் கல்யாணம், மற்றவர்களின் சாவு. கேமரா எப்போதும் உன் கையில்தானே, உன்னைக் காணவே காணோம். போதும் என்று எழுந்திருக்கப் போனபோது ஒன்றே ஒன்று வந்தது. நீ எப்படித் தின்கிறாய் என்று அம்மாவிடம் காட்டிக் கொடுக்க, உன் கேமராவை எடுத்து நான் பிடித்தது. மடித்துக் கட்டிய கைலி, அக்குளில் கிழிந்த மஞ்சளடித்த பனியன், வாய் நிறையச் சிப்ஸ், கீபோர்டின் மேல் பளபளக்கும் விரல்கள், என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கைப் பொத்தியிருந்த கையைக் கண்ணுக்கு ஏற்றினேன். ஜோசி வேறு பக்கம் திரும்பி ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

ஷாஜி படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தான். "ராஜி, இது நாலாளு காண்றதல்லே? மேலே ஒரு சட்டையெங்கிலும் இடாம்."

"ஒரு பட்டன்கூட வேண்டாம் ஷாஜியேட்டா. வெள்ளையும் அடிக்கக் கூடாது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் அடித்துக் கொடுத்தான். இன்று காலை அவனே ஏணி வைத்து ஏறிக் கட்டினான்.

அம்மாவைக் கூட்டிப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. கம்பத்தருகே வந்ததும் நின்றாள். கண்ணாடியைச் சேலை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சீ, இந்தப் பனியனைக் கரித்துணிக்குப் போடச் சொன்னேனில்ல" என்றாள். "கையக் கழுவிட்டு வரச் சொல்லுடி அவனை."

அப்புறம் அந்த ஓடைக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள், நாற்றத்தைக்கூடப் பார்க்காமல். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

லேப்டாப் இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் அருகே ஒரு கடலை மணியைக்கூட யாரும் கொண்டுவர விடமாட்டேன். உனக்கு இனி ஒருவரும் கோட்டுப் போட விடமாட்டேன், வருஷா வருஷம் இதே பனியன்தான். கழுத்து அரிக்காது, பயப்படாதே.

மூக்கைப் பொத்திக்கொண்டே உன்னைத் தேடி எடுத்த,
உன் தங்கை ராஜி