டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மாவின் பெயர்

இயேசு மரி சூசை

கேளம்பாக்கம்,
18.7.2004, ஞாயிறு.

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிற அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம். மஸ்கட் வெயில் உன்னை எப்படி வைத்திருக்கிறது, கம்பெனி வேனில் ஏசியைச் சரி செய்தார்களா, காலையில் வெறும் காபியோடு ஓடுகிறாயா என்று அம்மா தினமும் கேட்கிறாள். போனில் பேசும்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் என்னால் பாதி விஷயம் சொல்ல முடிவதில்லை. பட்டாளத்தில் இருந்த காலத்திலிருந்தே எனக்குக் கடிதத்தில்தான் பேச்சு வரும், உனக்குத் தெரியும். காலைப் பூசை முடிந்து வந்து அம்மா படுத்துத் தூங்குகிறாள், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் நம் பெயர் ஏறிவிட்டது, கார்டும் வந்துவிட்டது. போன மாதத்திலிருந்து அம்மாவுக்கு டயாலிசிஸ் அந்தக் கார்டில்தான் நடக்கிறது, செவ்வாயும் வெள்ளியும். இதை ஏன் ஒரு வருடம் முன்பே செய்யவில்லை என்று போனில் கேட்டாய், நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். திட்டம் வந்த புதிதிலேயே, கல்பாக்கத்தில் செக்யூரிட்டியாக இருக்கும் என் பட்டாளத்து நண்பன் செங்கல்வராயன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் மனைவியின் பெயரைப் பட்டாளத்து ரெக்கார்டில் உள்ளபடி எழுதவேண்டும் என்று இருந்தது. அதைப் படித்ததும் பாரத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டேன். இந்த ஜனவரியில் அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன வாரம் அவன் மறுபடி வந்து, "இன்னா சின்னையா, பாரத்தப் பொட்டில வச்சிகினு பூஜை பண்றியா? முன்னாடியே கீற வியாதிக்கும் பாக்கறாங்கப்பா, எம்மாம் வயசுன்னாலும் சேத்துக்கறாங்க, உனுக்கு இன்னா நோவு" என்று கத்திவிட்டுப் போனான். அன்று பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்தேன். மனைவி பெயர் என்ற இடத்தில் கண்ணகி என்று இருந்தது.

உன் மாமாக்கள் திருவிடந்தையிலிருந்து வரும்போதெல்லாம் அம்மாவைக் கண்ணு என்று கூப்பிடுவதைச் செல்லப் பெயர் என்று நீ நினைத்திருப்பாய். கண்ணகிதான் அவளுக்கு அவள் வீட்டில் வைத்த பெயர். எழுபத்தைந்தில் எங்கள் கல்யாணம் பேசியபோது அவர்கள் வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள், நாங்கள் மாதா கோயில்காரர்கள். ஞானஸ்நானம் வாங்கினால்தான் கல்யாணம் என்று என் அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ லீவு முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஞானஸ்நானம், அன்றைக்கே ஜெசிந்தா என்று பெயர், திங்கட்கிழமை கல்யாணம். யூனிட்டுக்குத் திரும்பியதும் கல்யாணத்தைப் பதியச் சொன்னார்கள், கையில் இருந்தது அவளுடைய பள்ளிக்கூடச் சர்டிபிகேட் ஒன்றுதான், அதில் உள்ளபடி கண்ணகி என்று எழுதிக்கொடுத்தேன். பிறகு ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு, உன் பிறப்புச் சான்று எல்லாவற்றிலும் ஜெசிந்தா. பட்டாளத்து ரெக்கார்டை மட்டும் திருத்தாமலே விட்டுவிட்டேன். அது சோம்பல் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பாரத்தைப் பார்த்ததும் ஏன் மடித்துப் போட்டேன் என்று கேட்டால், அன்றைக்கு அவளிடம் இந்தப் பெயர் உனக்குச் சம்மதமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது எங்கோ உள்ளே எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

பிப்ரவரியில் இரண்டு பேரும் காஞ்சிபுரம் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அதற்கு முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, செங்கல்பட்டில் பஸ் மாறுவதற்குள் அம்மாவுக்குக் கால் தள்ளாடியது. அங்கே சம்பூர்ணம் என்ற கிளார்க் அம்மாள் பொறுமையாக எல்லாப் பேப்பரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு வழி இருக்கு சார். ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி இந்தப் பேர எடுத்துட்டு ஜெசிந்தான்னு போட வைக்கலாம், கொஞ்சம் நாளாகும். இல்லேன்னா ரெண்டும் ஒரே ஆளுதான்னு அஃபிடவிட் குடுங்க" என்றார். நான் உடனே, மாற்றிவிடலாம், எல்லாவற்றிலும் ஒரே பெயராக இருக்கட்டும் என்றேன். சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்த அம்மா எழுந்து நின்றாள். "இன்னாத்துக்கு மாத்தறது? சர்க்கார்ல அது ஒண்ணுலதான் என் பேரு கீது. அதையும் அழிச்சிடாதீங்க" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து மேசையில் இருந்தவர்கூட எழுதுவதை நிறுத்தினார். நான் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி தலையைத் தடவிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் செங்கல்பட்டுக் கோர்ட்டு வாசலில் அஃபிடவிட் டைப் ஆகிற வரைக்கும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு, டீகூட வேண்டாம் என்றுவிட்டாள். இத்தனை வருடத்தில் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார், உங்க தெருவுக்கு இந்தப் பேரெல்லாம் எதுக்கு என்று கேட்டு, குப்பு என்று எழுதப் பார்த்தாராம். அவளுடைய அப்பா அன்றைக்குப் பண்ணையில் நாற்றுப் பறிக்கிற வேலையை விட்டுவிட்டு, சேறு காயாத காலோடு போயிருந்தவர். பண்ணைக்காரர் வீட்டு ஆளும் அங்கே நின்றிருந்தானாம். "அதே பேர எழுதுங்க சார், இல்லாங்காட்டி எம்பொண்ண வூட்டுக்கு இட்டுகினு பூடறேன்" என்று சொல்லிவிட்டு நகராமல் நின்றாராம். அதற்காக அவருக்குப் பத்து நாள் பண்ணையில் வேலை கொடுக்கவில்லையாம். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், வாத்தியார் எழுதி முடித்ததும் அந்த எழுத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார் என்றாள். அவர் அத்தனை பேர் முன்னால் நின்று வாங்கிக்கொடுத்ததை நாங்கள் ஒரு சனிக்கிழமை காலையில் எடுத்துவிட்டோம். நான் மன்னிப்புக் கேட்டேன், கவியா. அவள், "ஜெசிந்தாவும் நான்தான், அந்தப் பேருல ஒரு கொறையும் இல்ல, மாதா கோயில்ல என்னிய அப்படித்தான் தெரியும். அது வந்துதுன்னு இது போவணுமா?" என்றாள். வக்கீல் கையெழுத்துக் கேட்டபோது இரண்டு பெயரையும் எழுதினாள். கண்ணகி என்று எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சென்னையில் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் டாக்டர் பழைய ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்துவிட்டு அடையாறு பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். முதல் நாள் அங்கே நர்ஸ் வந்து கண்ணகி யாரு என்று கூப்பிட்டபோது நான் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வியாதி குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஊசி ஏறுகிற கை அவளுக்கு வலிக்கிறது, சில நாள் வாந்தி எடுக்கிறாள், நல்ல நாளில் திருப்போரூர் வரை பஸ்ஸில் போய் வருகிறாள். ஆனால் அடுத்த வாரம் என்ன செய்வது என்ற பயம் எங்கள் இரண்டு பேரையும் விட்டுப் போய்விட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அம்மாவின் வைத்தியத்துக்காக இன்னும் இரண்டு வருடத்துக்குக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடப்போவதாகப் போன மாதம் என்னிடம் மட்டும் சொன்னாய். போடாதே. அங்கே இருக்க உனக்கே ஆசை இருந்தால் இரு, அது உன் இஷ்டம், எங்களுக்காக மட்டும் வேண்டாம். உனக்குப் பேசி வைத்திருக்கிற ஜெபகுமார் வீட்டார் எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கிறோம் என்கிறார்கள், நல்ல மனுஷர்கள். ஆனாலும் காத்திருக்கச் சொல்ல இப்போது நம்மிடம் காரணம் இல்லை. டிசம்பரில் நீ வந்தால் கல்யாணத்தைப் பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று நானும் அவன் அப்பாவும் பேசி வைத்திருக்கிறோம், அதுவும் உன்னைக் கேட்டுத்தான்.

வேளைக்குச் சாப்பிடு, நிறையத் தண்ணீர் குடி, இதை அம்மா தனியாக எழுதச் சொன்னாள். மாதா உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கல்யாணப் பத்திரிகையில் அம்மாவின் பெயரை எப்படிப் போடுவது என்று அடுத்த முறை போன் பண்ணும்போது நீயே அவளிடம் கேள். நான் போனைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு உன் அன்பு அப்பா,
அ. சின்னையன்
(நாயக், ஓய்வு)