அவள் நிற்காமல் கடந்த சுவர்

மார்ச் 3, செவ்வாய்

உப்புக்காற்றில் வீட்டுப் பூட்டு மறுபடியும் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுத் திறந்து பூட்டி, வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே கால். கோட்டையைச் சுற்றிப் பார்க்க வாசலில் எனக்காகக் காத்திருந்தவர்கள் எட்டுப் பேர். இன்னொரு வழிகாட்டி, அந்த மலைக்காரிக்கு, இருபத்தாறு பேர்.

எட்டு! இந்தக் கோட்டைக்குள் பிறந்து இன்னும் இதற்குள்ளேயே குடியிருப்பவள் நான். வழிகாட்டி வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அவள் வந்து பதினோரு மாதம். கடலையே முப்பது வயதில்தான் முதன்முதலாகப் பார்த்தாளாம். அதைக் கூட்டத்திடம் பெருமையாகச் சொல்கிறாள், அவர்களும் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். மலைக்காரி என்று நான்தான் குத்தலாகப் பெயர் வைத்தேன். அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இப்போது எல்லோருக்கும் அவள் மலைக்காரி.

மார்ச் 5

அவளுக்கு முப்பத்தொரு பேர். எனக்கு ஐந்து. அதில் ஒன்று தூங்குகிற கைக்குழந்தை.

மார்ச் 8, ஞாயிறு

என் மகள் அவளோடு சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள்! தோழிகள் கூப்பிட்டார்களாம். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

"நம்ம தெரு இவ்ளோ அழகுன்னு நீ சொன்னதே இல்லையேம்மா."

எங்கள் தெருவா? சுவரெல்லாம் உப்புப் பொரிந்து உதிர்கிற தெரு. ஜன்னலுக்கு வேறு நிறம் அடிக்க மூன்று அலுவலகங்களில் கையெழுத்து வாங்கவேண்டிய தெரு. கொடியில் காயும் என் நைட்டியை எவனோ படம் பிடித்துக்கொண்டு போகிற தெரு.

"அப்படி என்னதான் சொன்னா?"

"ஒண்ணும் பெருசா சொல்லல. சாயங்கால வெயில் சுவர்ல ஏறும், கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாருங்கன்னாங்க."

இவர் வேறு, "நல்லாத்தான் பேசுது அந்தப் பொண்ணு" என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என் சுற்றுக்கு எத்தனை தடவை வந்திருப்பார் இந்த மனுஷன்? ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில்.

மார்ச் 11, புதன்

தலைவலி என்று லீவு சொல்லிவிட்டு, தலையில் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி — அவள் கூட்டத்தில் முப்பதாவது ஆளாக நடந்தேன். வெட்கக்கேடு. ஆனால் போனேன்.

நன்றாகத்தான் பேசுகிறாள். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆனால் மாட்டிக்கொண்டாள்! வடக்கு மதிலில் கீறல் சுவர் வந்தது. கடலுக்குப் போன கப்பல் தலைவன் திரும்பாமல் போக, அவன் மனைவி ஒரு நாளைக்கு ஒன்றாகக் கீறிவைத்த கோடுகள். எங்கள் அலுவலகமே இந்தக் கதையை எழுதிப் பலகை நட்டிருக்கிறது. என் கூட்டம் அங்கேதான் கண்ணைத் துடைக்கும். இவள் நிற்கக்கூட இல்லை. சுவர் என்ற ஒன்றே இல்லாததுபோல் கடந்துபோனாள்.

மார்ச் 12

மேலாளருக்குப் புகார் எழுதினேன். ஒரு பக்கம். அழகான கையெழுத்தில். பெயர் மட்டும் போடவில்லை.

மார்ச் 16, திங்கள்

மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். "அந்தச் சுவரை ஏம்மா விட்டுட்டுப் போறீங்க? புகார் வந்திருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நேரம் பத்தலை சார். தப்புதான்" என்றாள்.

சனிக்கிழமை கப்பலில் வரும் பெரிய கூட்டம் அவளுக்கு என்று இருந்தது. இப்போது எனக்கு. சந்தோஷம்தானே? பின்னே ஏன் அந்தப் பார்வையே கண்ணுக்குள் நிற்கிறது?

மார்ச் 17

இன்று கோட்டைப் படிக்கட்டில் வழிமறித்துக் கேட்டே விட்டேன். "நேரம் பத்தலைன்னு ஏன் பொய் சொன்னே?"

"வேற என்னக்கா சொல்ல? அது நாள் கணக்கு இல்ல. கல்தச்சங்க போட்ட குறி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. எங்க ஊர்க் குவாரியில இன்னைக்கும் பழைய கல்லுல பாக்கலாம். எங்கப்பா அங்கதான் வேலை பாத்தாரு. இந்த மதிலுக்கு எங்க மலையிலிருந்துதான் கல்லு வந்துச்சு."

"இதை மேலாளர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க இத்தனை வருஷமா சொல்ற கதை அது, அக்கா. உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? பொய்யை என்னால சொல்ல முடியல. அதான் நிக்காம போயிடுறேன்."

எனக்குத் தெரியாதா அது பொய் என்று? நானே கட்டியதுதானே! வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மழை. இருபது பேர் மதிலோரம் ஒடுங்கி நின்று முணுமுணுத்தார்கள். ஏதாவது சொல்லவேண்டும், கப்பல் தலைவன் வந்தான், பின்னாலேயே மனைவியும் வந்துவிட்டாள். கேட்ட ஒருவர் பத்திரிகையில் எழுதினார். பலகை வந்தது. அதற்கப்புறம் எந்த வாயால் இல்லை என்பேன்?

இதையும் எழுதிவிடுகிறேன்: அவள் என்னைக் காப்பாற்றியதற்கு நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் பிறந்த கோட்டையின் சுவரிலும் அவள் ஆட்கள் எனக்கு முன்னாலேயே வந்து குறி போட்டு வைத்திருக்கிறார்கள்!

மார்ச் 21, சனி

கப்பல் கூட்டம், நாற்பது பேர். கீறல் சுவர் முன்னால் நின்று மொத்தக் கதையையும் சொன்னேன். குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தது. கை தட்டினார்கள். வயதான ஓர் அம்மா அந்தக் கோடுகளைத் தடவிக்கொண்டே, "என் வீட்டுக்காரரும் கடலுக்குப் போனவர்தான்மா. திரும்பி வரல" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சே. என்ன பிழைப்புடி இது.

மார்ச் 23, திங்கள்

மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கதை நான் கட்டியது, புகார் எழுதியதும் நான்தான், மலைக்காரிக்கு உண்மை தெரியும் என்று எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பலகையை எடுக்கணும். மேலிடத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுவேன்?" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஆறு மாதம் சுற்று கிடையாது. சீட்டுக் கொடுக்கும் ஜன்னல்.

வீட்டில் சொன்னேன். மகள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜன்னலுக்கு வெளியே வெயில், வரிசை. ஒரு குடும்பம், நான்கு பேர். அந்த மனிதர் குனிந்து கேட்டார்: "யார்கூடப் போனா நல்லா இருக்கும் மேடம்? நீங்க இங்கேயே இருக்கறவங்க, சொல்லுங்களேன்."

சீட்டுக் கட்டை எடுத்து நான்கு எண்ணினேன்.

"மலைக்காரின்னு கேளுங்க. அவங்ககூடப் போங்க."

சொல்லிவிட்டு நான்கு சீட்டுகளையும் கிழித்துக் கொடுத்தேன். கொஞ்சம் வேகமாகத்தான் கிழித்தேன்.