இரண்டு பொத்தான் மெஷின்

அண்ணே,

இன்று காலை தம்பியின் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் பச்சைப் பெயின்டும் தின்னரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. புது மெஷினுக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். நம் ஷெட்டில் அந்த வாசனை வந்தால் ஒரு மெஷின் லாரி ஏறப்போகிறது என்று அர்த்தம். நீங்கள் போன பிறகு நான் அதை முகரவே இல்லை. தம்பியின் வாசலை மிதித்ததும் இன்றுதான். அவனே போன் செய்து கூப்பிட்டான்.

அப்பா திருச்சியில் பார்த்துக்கொண்டிருந்த ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு, புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு வாடகை ஷெட்டில் ஒற்றை லேத்தோடு தொடங்கியது நம் கம்பெனி. கிணற்று மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தவர் பிறகு தாமே லேத் செய்து விற்றார். அதற்கும் பிறகு வந்ததுதான் தகட்டை அழுத்தி மூடியாகவும் தட்டாகவும் ஆக்கும் பவர் பிரஸ். பாத்திரப் பட்டறைக்காரர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வந்தார்கள். அப்பாவுக்குப் பின் நீங்கள் மெஷின் செய்தீர்கள், தம்பி விற்றான், நான் ஆபீஸைப் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் ஓடியது.

மதுரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றிலிருந்து அந்த போன் வரும்வரை.

"பொம்பளப் புள்ளைக்குக் கை போயிருச்சாம். நீயும் வா ஆத்தா" என்று என்னையும் அழைத்துப் போனீர்கள். முதலில் பட்டறைக்குப் போனோம். நம் மெஷினில் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்க அப்பா செய்த ஏற்பாடு அது. அங்கே ஒரு பொத்தானில் சிறு மரக்கட்டையை இறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கை பொத்தானில், ஒரு கை தகட்டில். "இப்புடி வச்சாத்தாங்க வேல ஓடும். எல்லா இடத்துலயும் இப்புடித்தான்" என்றார் முதலாளி, ஒளிவுமறைவு இல்லாமல்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண், செல்வி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வலது மணிக்கட்டோடு எல்லாம் முடிந்திருந்தது. மெஷினைச் செய்தவர்கள் என்று நீங்கள் சொன்னதும் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நல்ல மெஷின்தாங்க. கை போனதே எனக்குத் தெரியல" என்றாள். பிறகு கேட்டாள்: "ஒத்தக் கையால ஓட்டுற மாதிரி மெஷின் ஏதும் இருக்காங்க? நான் வேலைக்குப் போகணும்."

திரும்பும் வழியில் திருமயத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். நீங்கள் கிளாஸை வாங்கி, பெஞ்சில் வைத்துவிட்டு, காருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தீர்கள்.

மறுநாளே, விற்பனைக்குத் தயாராக நின்ற மெஷின்களை நிறுத்திவிட்டீர்கள். தம்பி குதித்தான்.

"நம்ம மெஷின்ல என்ன தப்பு? அவன் கட்டை வச்சதுக்கு நாம என்ன செய்யிறது?"

"கட்டை வைக்க எடம் விட்டது நாமதானேடா."

ஒரு பொத்தான் அமுங்கியபடியே இருந்தால் மெஷின் அசையவே அசையாத அமைப்பை நீங்கள் செய்து முடித்தீர்கள். ஒவ்வொரு முறையும் இரண்டையும் விட்டு மறுபடி அமுக்க வேண்டியிருந்ததால் வேலை மெதுவாக நடந்தது. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்துப் போனார்கள். "ஊருக்கெல்லாம் நீங்களே காவலா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத் தம்பி பிரிந்து போனான். அப்பாவின் பழைய மாடலையே செய்து விற்றான். நம் ஆட்களில் பாதிப்பேர் அவனோடு போனார்கள். அம்மா யார் பக்கமும் பேசவில்லை. இரண்டு வீட்டிலும் சாப்பிடுவதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

ஆர்டர் இல்லாத அந்த நாட்களில் நீங்கள் செல்விக்காக ஒரு சிறிய பிரஸ் செய்தீர்கள். முன்னால் கம்பிவலைக் கதவு. அது மூடினால்தான் இறங்கும், ஒரு கை போதும். அவளை வரவழைத்தீர்கள். மோட்டாரைப் போட்டதுதான் தாமதம், அவள் இரண்டு எட்டு பின்னால் போனாள். "முடியலைங்க, என்னைய விட்ருங்க" என்று வாசலுக்கு ஓடிவிட்டாள். நீங்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு அந்த மெஷின்மேல் கையை வைத்தபடி நின்றீர்கள். நான் அழைத்தது உங்கள் காதில் விழவில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது. தம்பி வந்து தூக்கினான், அழுதான், பேசாமல் போனான். ஷெட்டை விற்றோம். இப்போது அங்கே சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அப்பா தொடங்கியதன் கதை அவ்வளவுதான் அண்ணே. வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தம்பி கூப்பிட்ட காரணத்துக்கு வருகிறேன். அவன் விற்ற பிரஸ்ஸில் குளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நான்கு விரல்கள் போய்விட்டன. தம்பி நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியாப் போகப் பயமா இருக்கு."

காரில் ஒரே ஒரு முறை பேசினான். "இனிமே அண்ணன் செஞ்ச பொத்தானையே போட்டுறேன்." போடுவானா, தெரியவில்லை.

வார்டு வாசல் வரை வந்தவன் அதற்குமேல் நகரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். எனக்கும் திரும்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் உங்களோடு ஒருமுறை அப்படி ஒரு கட்டிலருகே நின்றுவிட்டேனே அண்ணே, இனி என்னால் திரும்பிப் போக முடியாது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். உள்ளே போனேன்.

பையன் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா. "யாருங்க நீங்க?" என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த மெஷின் எங்க வீட்டுல செஞ்சதுங்க" என்றேன்.