பச்சையைத் தொடச் சொன்னவன்

மாப்ள,

உன் செல்போன் உறையில் வடகத்து விளக்கெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. நேற்று தங்கச்சி, உன் பெண்டாட்டி, அதை என் கையில் கொடுத்தாள். "நீங்கதான் இப்ப படிக்கறீங்களேண்ணே, பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஆமாம், இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. திருமானூர் பஸ்ஸின் பலகையை நானே படித்து ஏறுகிறேன். இந்தக் கடிதமும் என் கை எழுதுவதுதான். ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது. சந்தோஷம் தாங்கவில்லை. சொல்லிச் சிரிக்க நீதான் இல்லை.

சின்ன வெங்காய வடகம் போட்டு விற்கலாம் என்பது உன் எண்ணம். ஒரு தொழில் யோசனை தேறுமா என்று மதிப்பெண் போட்டுச் சொல்லும் செயலியை உன் மருமகன் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தார். ஒரு பெண்குரல் கேள்வி கேட்கும். பச்சையைத் தொட்டால் ஆமாம், சிவப்பைத் தொட்டால் இல்லை. அதற்குமேல் நம் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

சொந்தக்காரர் அல்லாத பத்துப் பேர் தின்று பார்த்து, வாங்குகிறோம் என்றார்களா என்று கேட்டது. ஒருவரும் தின்றிருக்கவில்லை.

"பச்சையத் தொடுடா. மனுவுல இல்லன்னு சொன்னா தள்ளிருவான்" என்றேன். ரேஷன் கார்டிலிருந்து தொகுப்பு வீடு வரை அப்படித்தானே வாங்கினோம்?

அடுத்து, பாரம் தூக்க உடம்பு இடம் கொடுக்குமா என்றது. உன் விரல் நின்றது. மூட்டையே தூக்கக்கூடாது என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"என்னா மச்சான் செய்ய?"

"உன் நெஞ்ச அது வந்து பாக்கவா போவுது? தொடுடா."

தொட்டாய். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்றது. "பள்ளிக்கூடம் போவாமயே பாஸாயிட்டேன் மச்சான்!" என்று துள்ளினாய்.

நான்கு மாதம் அரியலூர், ஜெயங்கொண்டம் என்று பை சுமந்தாய். யாரும் கேட்காத வடகம் எடை குறையாமல் உன் தோளிலேயே திரும்பி வந்தது. ஒரு மத்தியானம் பஸ் படியில் பையைத் தூக்கி வைத்தவன் அப்படியே சரிந்தாய்; பிறகு எழவேயில்லை.

நீ விட்ட வேலையைத் தான் எடுத்துச் செய்யலாமா என்று பார்க்கத்தான் தங்கச்சி போனைக் கொண்டுவந்தாள். அதே செயலியைத் திறந்தேன். முதல் கேள்விக்கே, "ஆமான்னு போடுங்கண்ணே" என்றாள். கேள்விக்கு அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எழுத்துக் கூட்டும் குதூகலத்தில், என்ன படிக்கிறோம் என்று யோசிக்காமல் சத்தமாகப் படித்துவிட்டேன்: "இது விண்ணப்பம் அல்ல. உங்கள் பதிலை வேறு யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்காக உண்மையைச் சொல்லுங்கள்."

தங்கச்சி போனை வாங்கி அந்தப் பொடி எழுத்தையே பார்த்தாள். பிறகு, "அவரு பாத்தப்பவும் இது இருந்துச்சாண்ணே?" என்றாள்.

"இருந்துச்சும்மா. அப்ப எங்களுக்குப் படிக்கத்தான் தெரியல."

"எல்லாத்துக்கும் ஆமான்னு அவராவா தொட்டாரு?"

"தெரியலம்மா" என்றேன்.

அதனால்தான் காலையிலிருந்து உட்கார்ந்து இதை எழுதினேன். மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, மாப்ள. நான்தான் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.